கைப்பேசி செத்த நாளில் எனக்குக் கைகொடுத்த ஒரே எண்

கவிதா கேட்டது சின்ன உதவிதான்.

"அங்கிள், புதுசா வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைங்களுக்கு நீங்க ஒரு மணி நேரம் பேசணும். ஹேண்ட்போன் லைன் போயிருச்சுன்னா எப்படிக் கூப்பிடறது, எதை எடுக்கிறது, யாருக்குச் சொல்றது, அதான் டாபிக். உங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு."

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கொள்கலன் முனையத்தின் தொடர்புப் பிரிவில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. கட்டுப்பாட்டு அறையின் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றேன். கவிதா என்னிடம் வேலை பழகியவள். இப்போது அந்த அறை அவள் பொறுப்பில் இருக்கிறது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிகளையெல்லாம் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஹேண்ட்போன் செயலிக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். அது படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கட்டாயம் அவளுக்கு.

"நான் வரலம்மா" என்றேன்.

"வெள்ளத்தில நடந்தத நெனச்சா அங்கிள்?"

"ஆமாம்மா."

"நான் யாருகிட்டயும் சொல்லல லா."

அவள் சொல்லியிருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அது இன்னும் கூச்சத்தைத்தான் கொடுத்தது. நேரில் வந்து நிற்க முடியாது, வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அதுதான் இது. நடந்ததையும் எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். கவிதா இதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு மணி நேரம் நான் பேசியிருக்கக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். குரல் அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி பல சமயம் போய்விடும். அதற்கு ஒரு நொடி சிக்னல் கிடைத்தால் போதும். உங்கள் நிறுவனத்தின் லைன் செத்திருந்தாலும் அவசர எண்ணுக்கு அடித்துப் பாருங்கள். பக்கத்தில் வேறு நிறுவனத்தின் கோபுரம் உயிரோடு இருந்தால் அது எடுத்துக்கொள்ளும். இணையம் இருந்தால் வைஃபை வழியாகப் பேசலாம். ஆனால் வீட்டில் கரண்ட் போனால் அந்தப் பெட்டியும் போய்விடும். செம்புக் கம்பித் தொலைபேசி அப்படியில்லை. தொலைபேசி நிலையத்திலிருந்தே அதற்கு மின்சாரம் வரும். வாக்கி டாக்கி கொஞ்ச தூரத்துக்கு. சாட்டிலைட் போன் எவ்வளவு தூரத்துக்கும். ஆனால் அதைக் கூரைக்குக் கீழே வைத்துக்கொண்டு கத்திப் பயனில்லை, திறந்த வானம் வேண்டும். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். வந்து என்ன.

டெங்கில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தேன். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் தொலைபேசிக் கம்பி புதைக்கும் குத்தகைக்காரரிடம் மண்வெட்டி பிடித்தேன். மாலை வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்கி போர்ட்டுக்கு வந்தேன். அந்த வருடங்களைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. வேலை என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது புவான் ஜைத்தோனின் கீழ் வந்த பிறகுதான்.

புவான் ஜைத்தோன் எங்கள் பிரிவின் தலைவியான மலாய் அம்மையார். குள்ளமான உருவம், எப்போதும் மங்கிய நிறத்தில் பாஜு குரோங் என்ற மலாய் நீள அங்கி, கையில் ஒரு சின்னக் காப்பிக் குடுவை. குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. நாம் சுறுசுறுப்பாக வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து, மேசைக்கடியில் குனிந்து, தொலைபேசியின் கம்பியைப் பிடுங்கிவிடுவார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காப்பியைத் திறப்பார்.

"சந்திரன், உன் போன் செத்துப்போச்சு. இப்போ?" மலாயில்தான் கேட்பார்.

ரேடியோவை எடுப்பேன். அதையும் கை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். "இதுவும் செத்துப்போச்சு. இப்போ?"

அதற்கு மேல் இருப்பது கால்தான். எழுந்து ஓட வேண்டும். எங்கே ஓடுவது, யாரிடம் சொல்வது, சொன்னதை அவர் திருப்பிச் சொன்னாரா என்று கேட்டுக்கொண்டு வர வேண்டும். அவர் மலாயில் சொன்னதை நாங்கள் தமிழாட்கள் எங்களுக்குள் 'கம்பி, காற்று, கால்' என்று வைத்துக்கொண்டோம். ரேடியோவுக்குத்தான் காற்று. ஒன்று போனால் அடுத்தது. திங்கட்கிழமைதோறும் சாட்டிலைட் போனைச் சார்ஜ் ஏற்றி, வெளியே வெயிலில் நின்று உண்மையாகவே ஒரு அழைப்பு போட வேண்டும். பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிற கருவியை அவர் நம்பியதே இல்லை. செய்தி சொன்னால் எங்கே, என்ன, எத்தனை பேர், என்ன வேண்டும் என்ற வரிசையில் சொல்ல வேண்டும். கேட்டவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாத செய்தி போய்ச் சேராத செய்தி. பாராட்டு என்று ஒன்று அவர் வாயிலிருந்து வந்ததில்லை. பிடுங்கிய கம்பியைத் தாமே மாட்டிவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் அவர் பிடுங்காமலே எல்லாம் செத்தது.

கடும் மழை. இடி இறங்கியது எங்கள் ரேடியோ கோபுரத்தில். ஹேண்ட்போன் நிறுவனத்தின் கருவிகளும் அதே கோபுரத்தில்தான் மாட்டியிருந்தார்கள். அறைக்குள் தொலைபேசிப் பெட்டியிலிருந்து கருகிய வாடை வந்தது. மின்னல் என்பதால் வேலையை நிறுத்தி எல்லோரையும் கீழே இறங்கச் சொல்லியிருந்தோம். ஒன்பதாவது துறையில் நின்ற கப்பலின் மேல்தளத்தில் கொள்கலன்களை இரும்புக் கம்பியால் கட்டுகிறவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் முருகையா என்பவர் ஈரத்தில் கால் வழுக்கி இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் விழுந்துவிட்டார். இதைச் சொல்ல அவருடைய கூட்டாளி கப்பலிலிருந்து எங்கள் அறை வரைக்கும் ஓடி வந்தார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

"ஒம்போதாவது துறை... ஆளு உள்ள கெடக்கறான். முழிச்சுத்தான் இருக்கான். காலு திரும்பிக்கிட்டு இருக்கு."

நான் ரேடியோவை எடுத்து அழுத்தினேன். சத்தமில்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடியும். பேசிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். புவான் ஜைத்தோன் என் கையிலிருந்து அதை மெதுவாக எடுத்து மேசை மேல் வைத்தார். "செத்துப்போச்சு. போதும். அந்த ஆளுக்குப் பக்கத்தில பேசக்கூடியது என்ன இருக்கு?"

பக்கத்தில் கப்பல் இருந்தது. கப்பலுக்குச் சொந்த ரேடியோ உண்டு. அதற்கு எங்கள் கோபுரம் தேவையில்லை. துறைமுக வானொலி நிலையம் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கம்பி போன் இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. நான் சொல்லும்வரை காத்திருந்தார்.

வேனில் போய், மழையில் ஏணிப்படி ஏறி, கப்பலின் இரண்டாம் அதிகாரியிடம் விஷயத்தைச் சொல்லி அவருடைய ரேடியோவில் பேசினேன். எங்கே, என்ன, எத்தனை பேர், என்ன வேண்டும். மறுமுனையில் இருந்தவர் திருப்பிச் சொன்னார். 'நைன்' என்று நான் சொன்னது அவருக்கு 'ஃபைவ்' என்று கேட்டிருந்தது. ஐந்தாவது துறை எங்களுக்கு வெகுதூரம். இடையில் ரயில் தண்டவாளமும் பூட்டிய கதவும். திருத்திச் சொன்னேன். மறுபடி திருப்பிச் சொன்னார். ஆம்புலன்ஸ் நேராக ஒன்பதாவது துறைக்கு வந்தது. பாரந்தூக்கிக்காரர் கைச் சைகையைப் பார்த்தே கூண்டை இறக்கி முருகையாவைத் தூக்கினார். அவர் பிழைத்தார். கொஞ்சம் காலை இழுத்து நடப்பார். பிறகு நுழைவாயில் அலுவலகத்தில் வேலை கொடுத்தார்கள்.

எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். புவான் ஜைத்தோன் மட்டும் சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்: "அந்தப் பட்டனை எதுக்கு அத்தனை தடவ அழுத்தினே?"

அவர் பதிலுக்காகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

அவர் ஓய்வு பெற்றபின் நான் மேற்பார்வையாளன் ஆனேன். கம்பி பிடுங்குகிற வேலையை நானும் செய்தேன். அவரைப் போல அமைதியாகச் செய்ய எனக்கு வரவில்லை. பிடுங்கிவிட்டு ஏசுவேன். கவிதாவே ஒருமுறை கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். ஓய்வு பெற்ற பிறகு ஏசுவதற்கு ஆள் இல்லாமல் போனதால் எங்கள் தாமான் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு, கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்காருபவர்களுக்கு, ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர்களுக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தேன். போனைச் சார்ஜில் வை. முக்கியமான நம்பரை மனப்பாடம் பண்ணு. என் மனைவி மல்லிகா நான் ஆரம்பித்தாலே எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவாள்.

சென்ற மழைக்காலத்தில் கிள்ளானில் எங்கள் தாமான் மூழ்கியது. மல்லிகா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவள் தங்கை வீட்டில் இருந்தாள். தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் தங்கிவிட்டேன். மத்தியானம் கரண்ட் போனது. இணையப் பெட்டியும் அதோடு சேர்ந்த வீட்டுப் போனும் போயின. ஹேண்ட்போனில் மட்டும் லைன் இருந்தது. அப்போதே அவளுக்கு ஒரு வரி அனுப்பியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? பேட்டரியைக் காப்பாற்ற வேண்டும் என்று போனை அணைத்து வைத்தேன். அதுதானே முறை. சாயங்காலம் திறந்து பார்த்தபோது சிக்னல் இல்லை. கோபுரத்துப் பேட்டரிகள் எத்தனை நேரம் தாங்கும் என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தவன் நான்.

மாடி இல்லாத வீடு. தண்ணீர் சன்னல் வரைக்கும் வந்தது. அலமாரி மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். காலையில் இளைஞர்கள் சிலர் படகில் வந்து இறக்கினார்கள். ஏறும்போது சட்டைப் பையிலிருந்த போன் நழுவித் தண்ணீருக்குள் போனது. போனால் போகட்டும் என்று அப்போது தோன்றியது.

எங்களைக் கொண்டுபோய் விட்டது ஒரு பள்ளிக்கூடம். மேல்மாடி மண்டபத்தில் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று முழுத் தாமானும் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தது. நடைபாதைக் கம்பியில் நீளமாக ஒரு ஒயரைக் கட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். மிஸ்டர் லிம். மின்சாமான் கடை வைத்திருப்பவர். பொழுதுபோக்காக வானொலிக் கருவி வைத்துப் பேச உரிமம் எடுத்தவர். கார் பேட்டரி ஒன்றைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கோலாலம்பூரில் மேட்டுப் பகுதியில் அவருடைய நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே போன் வேலை செய்தது. இங்கிருந்து எண்ணையும் செய்தியையும் சொன்னால், அவர் அந்த எண்ணுக்குப் போன் அடித்துச் சொல்வார். ஒரு ஆளுக்கு ஒரு எண், ஒரு சின்னச் செய்தி.

எனக்கு வந்த உற்சாகத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. வீடு தண்ணீரில் கிடக்கிறது, நான் கல்யாண வீட்டுக்காரன் மாதிரி எழுந்துவிட்டேன். "மிஸ்டர் லிம், வரிசைய நான் பாத்துக்கறேன். போர்ட்ல கன்ட்ரோல் ரூம்ல இருந்தவன்" என்றேன். அவருக்கும் ஆள் தேவைதான். நான் வரிசையின் முன்னால் நின்றுகொண்டு, ஒவ்வொருவரும் வரும்போது எண்ணைச் சொல்லவைத்து, செய்தியைச் சுருக்கி அவரிடம் கொடுத்தேன். வேலை ஒழுங்காகத்தான் நடந்தது.

ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று பார்த்தாலே தெரிந்தது.

"நம்பர்?" என்றேன்.

"போன்ல இருந்துச்சு அங்கிள். போன் வீட்டோட போயிருச்சு."

"யாருக்குச் சொல்லணும்?"

"என் வீட்டுக்காரருக்கு. நேத்து வேலைக்குப் போனவரு. நாங்க வீட்டுலயே இருக்கோம்னு நெனச்சுக்கிட்டு இருப்பாரு."

"புருஷன் நம்பர் மனப்பாடமாத் தெரியாதா?"

"பேர அமுக்குனாப் போகும் அங்கிள்..."

"பேர அமுக்குனாப் போகுமா!" வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "பாருங்க இந்தக் காலத்துப் பிள்ளைங்கள. பாட்டு முழுசாத் தெரியும், போன்ல ஆடத் தெரியும், கட்டுன புருஷன் நம்பர் தெரியாது. இந்தக் குழந்தைக்கு ஒன்னு ஆச்சுன்னா யாரக் கூப்பிடுவே? தள்ளி நில்லும்மா, நம்பர் தெரிஞ்சவங்க வரட்டும்."

சிலர் சிரித்தார்கள். அவள் தள்ளிப் போய் ஒரு தூணில் சாய்ந்து நின்றாள். போய் உட்காரவில்லை, வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வரிசை தீர்ந்தது. மிஸ்டர் லிம் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "மிஸ்டர் சந்திரன், யூ லாஸ்ட் லா. யுவர் நம்பர்?"

"மை வைஃப்" என்று சொல்லிவிட்டு, "பூஜ்ஜியம், ஒன்று" என்று ஆரம்பித்தேன்.

அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நாட்டில் எல்லாக் கைப்பேசிக்கும் தொடக்கம் பூஜ்ஜியம் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டேன். கட்டுப்பாட்டு அறையின் எண் வந்தது. தீயணைப்பு நிலையத்தின் எண் வந்தது. துறைமுக வானொலி நிலையம், ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு, புவான் ஜைத்தோன் வீட்டின் பழைய எண்கூட வந்தது. மல்லிகாவின் எண் வரவில்லை. அவள் படம் போட்டுச் சேமித்து வைத்திருந்தேன். படத்தை அழுத்தினால் போகும். ஜோகூரில் இருக்கும் மகனின் எண்ணும் அப்படித்தான். நான் மறுபடி "பூஜ்ஜியம், ஒன்று" என்றேன். மறுபடியும் அதையே சொன்னேன்.

பின்னால் யாரோ சொன்னது கேட்டது: "அந்தப் பொண்ண அந்த ஏச்சு ஏசுனாரு."

திரும்பாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெண் தூணடியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். அவள் முகத்தில் இருந்தது கவலை. எனக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு நின்றாள்.

வேறு வழியில்லாமல் கட்டுப்பாட்டு அறையின் எண்ணையே கொடுத்தேன். சந்திரன் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறேன், மனைவியைக் கண்டுபிடித்துச் சொல்லவும் என்று செய்தி. அலுவலகத்தில் எங்காவது அவள் எண் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

பதில் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்தது. மழைச் சத்தத்துக்காக மிஸ்டர் லிம் ஒலிபெருக்கியை முழுதாகத் திறந்து வைத்திருந்தார். மறுமுனைக்காரர் மலாயில் நிதானமாக, சொல் சொல்லாகப் படித்தார். மலாய் என்பதால் மண்டபத்தில் புரியாதவர் ஒருவரும் இல்லை.

சந்திரனுக்கு. உங்கள் மனைவி நேற்றே இந்த எண்ணுக்குப் போன் செய்துவிட்டார். பிரிக்பீல்ட்ஸில் நலமாக இருக்கிறார். அவர் சொல்லச் சொன்னது: இரத்த அழுத்த மாத்திரை யாரிடமாவது கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளவும். அங்கே இருக்கிறவர்களை ஏசாமல் இருக்கவும்.

"ஜாஙான் மாரா ஓராங்" என்று அந்தக் கடைசி வரியை அவர் முடித்ததும் முதலில் ஒரு சீனக் கிழவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. இரண்டு நாளாகச் சிரிக்காத சனம். நானும் சிரிக்க முயன்றேன், வரவில்லை. செய்தியைத் திருப்பிச் சொல்லச் சொன்னார் மிஸ்டர் லிம். முறை அதுதான். நான் ஒலிவாங்கியை வாங்கி, அத்தனை பேர் முன்னாலும் திருப்பிச் சொன்னேன். மாத்திரை போட வேண்டும். ஆட்களை ஏசக் கூடாது.

வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் போனேன்.

"அம்மா, உன் வீட்டுக்காரர் எங்க வேலை செய்யறாரு?"

"போர்ட்ல அங்கிள். லோரி ஓட்டறாரு. கன்டெய்னர் லோரி." கம்பெனி பெயரையும் சொன்னாள். சட்டையில் தைத்திருக்குமாம். "பேரு குமாரு."

போர்ட்டுக்குள் வருகிற ஒவ்வொரு லோரியும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். எந்தக் கம்பெனி லோரி, யார் ஓட்டுகிறார், எல்லாம் அந்த அறைக்குத் தெரியும். அவள் கணவரின் எண் தேவையே இல்லை.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மொதல்லயே எங்க வேலைன்னு கேட்டிருந்தா சொல்லிருப்பேன் அங்கிள்."

கோபமாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னாள்.

இரண்டாவது செய்தி போனது. ஆள் மாற்ற யாரும் வர முடியாமல், முதல்நாள் வந்த கவிதாவே இன்னும் அறையில் இருந்திருக்கிறாள். அவளிடமிருந்து வந்த பதில்: குமார் கொஞ்ச நேரம் முன்புவரை கம்பெனி ஓய்வறையில்தான் இருந்தார். வீட்டில் மனைவி, பிள்ளை மாட்டிக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டு, லோரியை வைத்துவிட்டு ஒரு கூட்டாளியோடு கிளம்பிவிட்டார். அவர் போன் அணைந்திருக்கிறது, கூட்டாளியின் போனுக்கு முயற்சி செய்கிறோம்.

கொஞ்ச நேரம் முன்பு. அவளை நான் தள்ளி நிற்கச் சொன்னபோது அவர் இன்னும் அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

எங்கள் தாமானுக்கு வருகிற சாலையில் அப்போது தண்ணீர் எப்படி ஓடியது என்பதைப் படகில் வந்தபோது பார்த்திருந்தேன். விளக்குக் கம்பத்தை அது பிடித்து வளைத்திருந்தது. அதை நான் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. குழந்தைக்கு ஒரு மருத்துவத் தாதி வந்து மருந்து கொடுத்தார். நான் ஒலிபெருக்கியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். யாரோ பசியாறக் கொண்டுவந்து வைத்ததை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் பாதியைப் பிய்த்து எனக்கே திருப்பிக் கொடுத்தாள்.

கூட்டாளியின் போன் எடுக்கவில்லை. மறுபடி முயல்கிறோம் என்று செய்தி வந்தது. மறுபடி அதே செய்தி. பிறகு நெடுநேரம் எதுவும் வரவில்லை. அப்புறம் கவிதா சொல்லியனுப்பினாள்: கிடைத்துவிட்டது. சாலை விளக்குச் சந்திப்பில் குமார் இடுப்பில் கயிறு கட்டி, ஒரு டயர் டியூபைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியிருந்தார். கூட்டாளி கரையில் நின்றபடி போனைத் தூக்கிக் காட்டிக் கத்தியிருக்கிறார். பாதித் தூரம் போனவர் கயிற்றைப் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறார்.

மத்தியானத்துக்கு மேல் மீட்புப் படகில் வந்து சேர்ந்தார். கழுத்துவரை சேறு. ஒரு கையில் தோல் உரிந்திருந்தது. குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் மெசேஜ் போட்டீங்கன்னாங்க அங்கிள். ரொம்ப நன்றி."

அவர் தோளுக்குப் பின்னால் அவள் நின்றாள். சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் இருந்தது.

"அங்கிள்தான் கண்டுபிடிச்சுக் கொடுத்தாரு" என்றாள்.

சாலை திறந்ததும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். மல்லிகா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குளிக்கச் சொல்லி, சாப்பாடு போட்டாள். தங்கை வீட்டார் தூங்கப் போன மத்தியான வேளையில் கேட்டேன். "கன்ட்ரோல் ரூம் நம்பர் உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏன் தெரியாது? உங்க மகன் பொறந்தப்ப அதுக்குத்தானே அடிச்சேன். உங்க அப்பா செத்தப்பவும் அதுக்குத்தான். இந்த லைன் வேலைக்கு உள்ளது, சீக்கிரம் சொல்லிட்டு வைன்னு ஒவ்வொரு தடவையும் ஏசுவீங்க." சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "வேற எங்க அடிச்சு உங்களப் பிடிக்கிறது?"

அவளிடம் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளை பேரு என்ன?" என்றாள்.

நான் கேட்டிருக்கவில்லை. இரண்டு செய்தி அனுப்பியிருந்தேன், இரண்டிலும் அவள் பெயர் இல்லை. குமாரின் மனைவி என்றுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு பல நாள், அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன வாரம் கவிதா இந்தப் பேச்சுக்காகக் கூப்பிட்டபோதுதான், அந்த லோரிக்காரர் எண் கிடைக்குமா என்று கேட்டேன். அவரைக் கேட்டுவிட்டு வாங்கித் தந்தாள். நேற்றுக் காலையில் அடித்தேன். குமார் வீட்டில்தான் இருந்தார். மனைவியிடம் பேச வேண்டும் என்றதும், ஏன் என்று கேட்காமல் போனைக் கொடுத்தார்.

"அம்மா, நான் அந்தப் பள்ளிக்கூடத்தில இருந்த சந்திரன்."

"எந்த... ஓ, ஏசுன அங்கிளா!" சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

"உன் பேரு என்னம்மா?"

"சுகந்தி அங்கிள்."

சொல்ல வேண்டியதை இரண்டு நாளாக மனத்துக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அங்கிள், இப்ப அவரு நம்பர் எனக்குத் தெரியும். மனப்பாடமா. சொல்லட்டுமா?"

வேண்டாம்மா என்றேன். அது அவள் காதில் விழவில்லை. பூஜ்ஜியம், ஒன்று என்று தொடங்கிவிட்டாள். வகுப்பில் எழுந்து நின்று ஒப்பிக்கிற பிள்ளையின் குரல். நடுவில் ஓரிடத்தில் தடுக்கியது. "இருங்க அங்கிள், இருங்க" என்று பதறிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். ஒவ்வொரு எண்ணாக முடித்தாள்.

"சரியா அங்கிள்?"

நான் சற்று முன் அடித்த எண்தான். சரியாக இருந்தது.